கொல்லைப்புற மரத்துக்கு நோயா? மரத்தைச் சோதிப்பது முதல் புதிய மறைப்பு அமைப்பது வரை, அறிகுறி வாரியாக

பின்பக்கத்து மரம் வாடத் தொடங்கும்போது வீட்டுக்காரருக்கு இரண்டு கவலைகள் சேர்ந்தே வருகின்றன. மரத்துக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்று. அது போய்விட்டால் எதிர்வீட்டு மாடி சன்னலிலிருந்து நம் முற்றம் முழுவதும் தெரியுமே என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன. மறைப்பு போய்விடும் என்று அஞ்சி, தூர் அழுகிய மரத்தை வீட்டின் மேல் சாயும்வரை விட்டுவைக்கிறார்கள். அல்லது நான்கு கிளை காய்ந்ததைப் பார்த்துப் பதறி, ஒரு பருவத்தில் தானே துளிர்த்திருக்கக்கூடிய மரத்தை அடியோடு சாய்க்கிறார்கள். மரம் இருக்கலாமா என்பதை மரத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். மறைப்பு எங்கே வேண்டும் என்பதை நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்து முடிவுசெய்யுங்கள். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எந்த அறிகுறியானாலும் அது மரத்தின் எந்தப் பகுதியில் தொடங்கியது என்று முதலில் கவனியுங்கள். இலையில் தொடங்கியது பெரும்பாலும் குணமாகும். ஒரு கிளையில் தொடங்கியதை அந்தக் கிளையோடு நிறுத்த வாய்ப்பு உண்டு. உச்சியில் எல்லாப் பக்கமும் ஒரேபோலத் தொடங்கினால் கோளாறு வேரில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தரையைப் பாருங்கள். தூரிலேயே தொடங்கியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் பாதுகாப்பை யோசியுங்கள்.

கையில் வேண்டிய கருவிகள் கொஞ்சம்தான்: கூரான பேனாக்கத்தி, ஒரு நீளமான கம்பி, மரச்சுத்தி, மண்வெட்டி, 70 சதவீத ஆல்கஹால். கத்தியையும் ரம்பத்தையும் ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். நோயை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது பல நேரங்களில் நாமேதான்.

காய்ந்த கிளை செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை

விரல் தடிமன் உள்ள சுள்ளி ஒன்றை எடுத்துக் கத்தி முனையால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சைப் படலம் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகவும் வறண்டும் இருந்தால் அங்கே உயிர் இல்லை. ஒரு சுரண்டலோடு நிறுத்திவிடாதீர்கள். நுனியிலிருந்து அடிநோக்கி ஒவ்வொரு சாணுக்கும் ஒரு சுரண்டல் என்று வாருங்கள். பழுப்பு முடிந்து பச்சை தொடங்கும் எல்லை எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை. அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து எல்லை அங்கேயே நின்றால் மரம் நோயைத் தடுத்து நிறுத்திவிட்டது. கீழே இறங்கியிருந்தால் நோய் நடந்துகொண்டிருக்கிறது. நூலைக் கட்டிப் பார்க்காமல் மரம் வெட்டும் ஆட்களைக் கூப்பிடாதீர்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். தூர் கெட்டியாக இருக்கும் மரத்துக்கு மூன்று வார அவகாசம் தருவதால் எந்த ஆபத்தும் இல்லை.

இலையில் கறுப்பாக மசி படிந்திருக்கிறது, கீழே தரை பிசுபிசுக்கிறது

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீரின் மேல் வளரும் கரும்பூசணம் இது. மசி மரத்தைக் கொல்லாது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பூச்சி தெரியும். நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையடியில் படும்படி தெளியுங்கள். எறும்புகள் ஏறி இறங்கினால் அவற்றைத் தண்டிலேயே மறியுங்கள். இனிப்பு நீருக்காக எறும்புகள் அந்தப் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காக்கின்றன.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். புதிய தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பது இதற்குப் பொருளன்று. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. சுவரை ஒட்டிய மரங்களில் இது அடிக்கடி தெரியும். கட்டட வேலையில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கியிருக்கும். முதிர்ந்த இலை மட்டும் சீராக மஞ்சளானால் தழைச்சத்து குறைவு. முதிர்ந்த இலையின் காம்புப் பக்கம் ஆப்பு வடிவில் பச்சை மிஞ்சி மற்றது மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. விளிம்பு மட்டும் தீய்ந்திருந்தால் நீர்ப் பற்றாக்குறை அல்லது உப்பு. இவற்றில் எதற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

பட்டையில் சாம்பல் பச்சை நிறத்தில் செதில் செதிலாக ஏதோ வளர்கிறது

தட்டையாகப் பட்டையோடு ஒட்டியிருந்தால் அது லைக்கன், அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. சுரண்டாதீர்கள்.

ஒரே ஒரு கிளை சில நாளில் வாடிவிட்டது, இலை உதிராமல் தொங்குகிறது

இலை உதிராமல் தொங்குவது முக்கியமான தடயம். இயல்பாக முதிர்ந்த இலையை மரம் தானே உதிர்க்கிறது. உதிர்ப்பதற்கும் நேரமில்லாமல் நீரோட்டம் அறுந்தால்தான் இலை பழுத்த தோல்போல் தொங்கும். ஆகவே அந்தக் கிளையில் எங்கோ ஓர் அடைப்பு இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

முதலில் கம்பி. துணி உலர்த்தக் கட்டிய கம்பி, ஊஞ்சல் கயிறு, மின்விளக்கு ஒயர், நடும்போது முட்டுக்கொடுத்துக் கட்டிய சணல் எல்லாம் ஆண்டுக்கணக்கில் பட்டைக்குள் புதைந்து கிளையை நெரிக்கும். கிளையைச் சுற்றிக் கையால் தடவினால் இடுப்புப்போல் ஒடுங்கிய பள்ளமும் அதற்குமேல் தடித்த மேடும் தட்டுப்படும். வெளியே தெரியும் கம்பியை வெட்டி விடுங்கள். முழுக்கப் புதைந்ததைத் தோண்டி எடுத்தால் காயம் பெரிதாகும்.

அடுத்தது துளை. வாடிய பகுதிக்குக் கீழே பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டையும், அதன் வாயில் மரத்தூள் கலந்த எச்சமும் இருந்தால் தண்டுத்துளைப்பான். தூள் புதிதாக, ஈரமாக இருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. முனையை வளைத்த கம்பியை உள்ளே செலுத்திப் புழுவைக் குத்தி இழுக்க முடியும். தூளைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மீண்டும் தூள் தள்ளியிருந்தால் புழு தப்பிவிட்டது என்று பொருள். துளைப்பான்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வாட்டத்தில் இருக்கும் மரத்தைத்தான் தேடி வருகின்றன. புழுவைக் கொன்றபின் மரத்துக்கு நீர் போதுமா என்பதையும் பாருங்கள்.

கம்பியும் இல்லை, துளையும் இல்லை என்றால் கிளையைக் குறுக்கே வெட்டி முகத்தைப் பாருங்கள். வெளிர்ந்த மரத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ புள்ளிகளோ வளையமோ இருந்தால் நீர்க்குழாய்களுக்குள் பூஞ்சை குடியேறியிருக்கிறது. நிறமாற்றம் இல்லாத மரம் தெரியும்வரை கீழிறங்கி, அதற்கும் கீழே 30 செ.மீ. விட்டு அகற்றுங்கள். வெட்டியதை மரத்தடியில் போட்டுவைக்காதீர்கள், மண்ணின் மேல் பரப்பும் மூடாக்காகவும் பயன்படுத்தாதீர்கள். அடிமரத்திலேயே அந்தக் கறை இருந்தால் கிளைகளை வெட்டி நீக்கும் கவாத்தால் பயனில்லை.

கிளைநுனிகள் எல்லாம் ஒரே பருவத்தில் கருகிவிட்டன, ஆனால் தண்டு நன்றாக இருக்கிறது

வேம்பில் இது பலரையும் கலங்கடிக்கும் காட்சி. மரம் முழுவதும் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகிவிடும். தேயிலைக்கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது, ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சை நுனியிலிருந்து கிளையைக் காயவைக்கிறது. பார்க்க மரம் செத்ததுபோலவே இருக்கும். தடித்த கிளைகளில் சுரண்டிப் பாருங்கள், பச்சை இருக்கும். வளர்ந்த மரங்கள் பெரும்பாலும் அடுத்த பருவத்தில் மீண்டும் தழைக்கின்றன. கருகிய நுனிகளைக் கைக்கு எட்டும் அளவில் அகற்றிவிட்டு, ஆழமாக நீர்விட்டுக் காத்திருப்பதே போதும். பெரிய மரத்தின் உச்சிவரை மருந்தடிப்பது வீட்டுத் தோட்டத்தில் நடைமுறைக்கும் ஒத்துவராது, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லதன்று.

உச்சி மொட்டையாகிக்கொண்டே வருகிறது, இலை ஆண்டுக்கு ஆண்டு சிறுக்கிறது

கீழே பாருங்கள். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும், கிளைவிரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே மரத்திலிருந்து பல அடி தள்ளி நடந்த வேலையும் அதைப் பாதிக்கும். நடைபாதைக்குக் கல் பதித்தார்களா, குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்களா, மண்கொட்டி மட்டம் உயர்த்தினார்களா, லாரி நின்றதா என்று கடந்த நான்கைந்து ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். வேர் அறுந்த மரம் உடனே வாடுவதில்லை. சேமிப்பைத் தின்று சில ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டுத்தான் உச்சியை விடத் தொடங்கும்.

பிறகு தூரைப் பாருங்கள். நலமான மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போனால் தூர் புதைந்திருக்கிறது. கையால் மண்ணை விலக்கி, விரிவு தெரியும்வரை திறந்துவிடுங்கள். அப்போது ஒரு வேர் தண்டைச் சுற்றி வளையமாக நெரித்துக்கொண்டிருப்பதும் சில நேரம் வெளிப்படும். பையில் வளைந்தே வளர்ந்த கன்றை அப்படியே நட்டதன் விளைவு அது. மெல்லியதாக இருந்தால் உளியால் வெட்டி எடுக்கலாம்.

வடிகாலையும் சோதியுங்கள். கிளைவிரிப்பின் ஓரத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் நீர்விடுவது வேரழுகலுக்கு வழிவிடும். வாடியிருக்கிறதே என்று மேலும் மேலும் ஊற்றிக் கொல்லப்படும் மரங்கள் நிறைய.

தூருக்கு அருகே பட்டை வெடித்துக் கோந்து வடிகிறது

பட்டையைச் சுரண்டினால் அடியில் செம்பழுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு இருக்கிறதா? தூரழுகல். ஈரமண் பட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் ஃபைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் நுழைகின்றன. மண்ணையும் மூடாக்கையும் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள். அழுகிய பட்டையை நல்ல பட்டை வரும்வரை செதுக்கி, காயவிட்டுப் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையைப் பூசுங்கள். 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் நீர் என்பது அதன் விகிதம். இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, பிளாஸ்டிக்கோ மண்பாண்டமோ பயன்படுத்துங்கள். நோய் தண்டின் சுற்றளவில் பாதிக்குமேல் சுற்றிவிட்டது என்றால் நான் பசைக்குச் செலவிடமாட்டேன், மாற்றுக்கு ஆயத்தம் செய்வேன்.

தண்டில் கரையான் மண் ஓடியிருக்கிறது

மண்ணைச் சுரண்டிவிட்டு அடியில் இருக்கும் மரத்தைக் கத்தியால் குத்துங்கள். கத்தி இறங்கவில்லை என்றால் கரையான் செத்த வெளிப்பட்டையைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. கத்தி பொதபொதவென்று இறங்கினால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அடியில் தட்டுக் காளான், தட்டினால் பொந்து ஓசை, அல்லது மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறது

தூரிலோ வேர்மேட்டிலோ அலமாரித்தட்டுப்போல் கெட்டியான காளான் வந்துவிட்டால் உள்ளே மரக்கட்டை நெடுநாளாக அழுகிக்கொண்டிருக்கிறது. கானோடெர்மா இந்த வகையில் எல்லோரும் அஞ்ச வேண்டிய பூஞ்சை. காளானைப் பறித்து எறிவதால் எதுவும் மாறாது. அது வெறும் கனிதான், பூஞ்சையின் உடல் மரத்துக்குள் இருக்கிறது. மேலே இலை பச்சைப்பசேலென்று இருக்கலாம். நீர் கடத்தும் வெளிப்பகுதி நன்றாக இருக்கும்வரை தழை தழைத்துக்கொண்டுதான் இருக்கும், மரத்தைத் தாங்கும் உட்பகுதியும் தாங்குவேர்களும் இதற்கிடையில் போய்விட்டிருக்கும். பச்சையாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

மரச்சுத்தியால் தண்டைச் சுற்றித் தட்டுங்கள். கெட்டியான மரம் மொட்டென்று ஒலிக்கும், பொந்து அதிரும். பொந்து இருந்தாலே மரம் விழும் என்பதில்லை. ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மட்டெக் விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்து, கெட்டியான சுவரின் தடிமன் தண்டின் ஆரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போது முறியும் அபாயம் கூடுகிறது என்று காட்டினார். 60 செ.மீ. விட்டமுள்ள தண்டுக்கு ஆரம் 30 செ.மீ., ஆகவே சுற்றிலும் 9 செ.மீ. கெட்டி மரமாவது வேண்டும். ஒரு பக்கம் வாய் திறந்த பொந்துக்கும் வேரழுகலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவை இன்னும் ஆபத்தானவை.

மரம் பல ஆண்டுகளாகச் சாய்ந்தே வளர்ந்திருந்தால் அதன் உச்சி வளைந்து நிமிர்ந்திருக்கும். அது பழைய சாய்வு. உச்சி நிமிராமல் முழு மரமும் ஒரே கோட்டில் சாய்ந்து, எதிர்ப்பக்கத் தரை மேடிட்டோ வெடித்தோ இருந்தால் அது புதிய சாய்வு. அன்றைக்கே மரத்தடியிலிருந்து ஆட்களையும் வண்டிகளையும் விலக்குங்கள், விழும் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

எல்லைக்கோட்டில் நிற்கும் மரம் அண்டை வீட்டாருக்கும் உரியதாக இருக்கலாம். பல இடங்களில் உள்ளாட்சியின் அனுமதியும் வேண்டும். இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். மின்கம்பிக்கு அருகில் இருக்கும் மரத்தையும், ஏணி வைக்க வேண்டிய உயரத்தையும் நீங்களே தொடாதீர்கள். அழுகிய மரம் தேர்ந்தவர்களுக்கே எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாதது. ஆட்களை அமர்த்தும்போது கிளைகளைக் கயிறு கட்டி இறக்குவார்களா, காப்பீடு உண்டா, கட்டையைத் தோண்டுவது ஒப்பந்தத்தில் சேருமா என்று முன்னதாகவே கேளுங்கள்.

“முழுக்க வேண்டாம், பாதி உயரத்தில் மொட்டையடித்து விடுங்கள், மறைப்பாவது மிஞ்சும்” என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். மொட்டையடித்த இடத்திலிருந்து அழுகல் இறங்கும். அங்கே கொத்தாகக் கிளம்பும் போத்துகள் பட்டையோரத்தில் மட்டும் ஒட்டியிருப்பதால் கனத்ததும் பிய்ந்து விழும். மரத்தைக் காப்பதாக எண்ணி அதை இன்னும் ஆபத்தானதாக ஆக்குகிறோம்.

கவாத்து மட்டும் போதும் என்ற நிலையில் வெட்டும் முறை முக்கியம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுவரெழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்று நிறுவினார். அந்தச் சுவர் எழும் இடம் கிளை தண்டோடு சேரும் தடித்த கழுத்து. அதைத் தண்டோடு ஒட்டச் செதுக்கவும் கூடாது, அதற்கு வெளியே துண்டாக நீட்டிவிடவும் கூடாது. கனமான கிளையை மூன்று வெட்டாக எடுங்கள்: கழுத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி அடிப்பக்கமாகக் கால்பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுக்க, கடைசியில் மிஞ்சிய துண்டைக் கழுத்தின் ஓரத்தில். முதல் அடிவெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். கவாத்துக் காயத்தில் தாரும் பெயிண்டும் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகவே முடியும்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தரைமட்டத்துக்குக் கீழே 15 முதல் 30 செ.மீ. வரை அரைத்து எடுக்கலாம். அரைத்த தூளைக் குழியிலேயே நிரப்பி அதன் மேல் கன்று வைக்காதீர்கள். தூள் மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மரம் வேரழுகலால் போயிருந்தால் கிடைக்கும் வேர்களையெல்லாம் எடுத்துவிட்டு, புதியதைக் குறைந்தது ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, வேறு குடும்பத்துச் செடியாக நடுங்கள். பட்ட தண்டை ஆள் உயரத்துக்கு விட்டு அதில் கொடி ஏற்றலாம் என்று தோன்றும். வேரோ தூரோ அழுகிய மரத்தில் அது வேண்டாம். கொடி கனக்கும் நேரத்தில் கம்பம் இற்றிருக்கும்.

மரம் போய்விட்டது, எல்லாப் பக்கமும் திறந்துகிடப்பதுபோல் இருக்கிறது

உடனே சுவர் உயரத்தைக் கூட்டத் தோன்றும். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்த நிலையில் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். எதிர்வீட்டு முதல் மாடியில் நிற்பவரின் கண் சுமார் 4.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையே 10 மீட்டர். இரண்டு கண்களையும் ஒரு கோடு இணைக்கிறது, அந்தக் கோட்டை மறித்தால் போதும். உங்கள் நாற்காலிக்கு 2 மீட்டர் முன்னால் மறித்தால் தேவைப்படும் உயரம் 1.9 மீட்டர். அதையே எதிர்வீட்டை ஒட்டிய எல்லையில், உங்களிடமிருந்து 8 மீட்டர் தள்ளி மறித்தால் 3.9 மீட்டர் வேண்டும். ஒரு தட்டியில் முடிகிற வேலை, தள்ளி வைத்ததால் மாடி உயரச் சுவராகிவிடுகிறது.

ஒரு நீண்ட கழியில் துணியைக் கட்டி ஒருவரைப் பிடித்து நகரச் சொல்லுங்கள். நீங்கள் நாற்காலியிலிருந்து பாருங்கள். சன்னல் மறையும் இடத்தில் தரையில் முளை அடியுங்கள். குளிக்கும் இடம், துணி உலர்த்தும் இடம், படுக்கையறை சன்னல் என்று உண்மையிலேயே மறைப்பு வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் இதைச் செய்தால், எல்லை நெடுகிலும் தொடர்ச்சியான மறைப்பு தேவையே இல்லை என்பது பலருக்கும் தெரியவரும். இரண்டு மூன்று இடங்களில் தனித்தனித் தட்டிகள் போதுமானதாக இருக்கும்.

செடி வளரும்வரை நிழல்வலையோ மூங்கில் தட்டியோ கட்டிக்கொள்ளலாம். இதுவரை மர நிழலில் இருந்த செடிகளுக்கும் அந்த வலை வேண்டும், திடீர் வெயிலில் அவை கருகும். மரம் இன்னும் நின்று, நோயுற்றும் ஆபத்தில்லாமல் இருந்தால் வெட்டுவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே புதிய கன்றுகளை நட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

புதிதாக அமைத்த தட்டி காற்றில் சாய்கிறது

இடைவெளியே இல்லாத பலகை மறைப்பு பாய்மரக் கப்பலின் பாய் போன்றது. மணிக்கு 72 கி.மீ. காற்றில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது 25 கிலோ எடை தள்ளுவதற்கு ஒப்பான அழுத்தம் விழுகிறது. 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் பலகையில் அது 80 கிலோ, ஓர் ஆள் முழு எடையோடு சாய்வதுபோல. மணிக்கு 100 கி.மீ. ஆனால் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது.

கம்பத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேலே 1.8 மீட்டர் என்றால் கீழே 0.9. குழியின் அடியில் ஒரு கை அளவு ஜல்லி போட்டால் மரக்கம்பத்தின் அடியில் நீர் தேங்காது. கான்கிரீட்டின் மேல்முகத்தைக் கம்பத்திலிருந்து வெளிநோக்கிச் சரிவாக இழையுங்கள். பழைய மரத்தின் வேர்க்குழியில் கம்பம் நடாதீர்கள், வேர் மட்க மட்க மண் இறங்கும். பலகைகளுக்கு இடையே இடைவெளி விடுவது எல்லாவற்றையும்விட எளிய தீர்வு. இரண்டு வரிசைப் பட்டைகளை ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று வருமாறு இருபுறமும் அடித்தால் பார்வை மறையும், காற்று வழிந்துபோகும். முழுக்க அடைத்த சுவருக்குப் பின்னால் காற்று சுழன்றடிக்கும், பாதி திறந்த மறைப்புக்குப் பின்னால்தான் உட்கார இதமாக இருக்கும்.

புதிய உயிர்வேலியும் ஒவ்வொன்றாகக் காய்கிறது

ஓரத்திலிருந்து வரிசையாக அடுத்தடுத்துக் காய்ந்தால் மண்ணிலிருந்து நோய் நகர்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்ந்தால் நட்ட விதத்தில் பிழை. காய்ந்ததைப் பிடுங்கி வேர்ப்பந்தைப் பாருங்கள். பையின் வடிவத்திலேயே வேர் சுருண்டிருந்தால், மற்றவற்றையும் அப்படியே நட்டிருப்பீர்கள். நடும் குழி வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாகவும், ஆழத்தில் அதைவிட மிகாமலும் இருக்க வேண்டும். சுருண்ட வேரை நான்கு பக்கமும் கீறிவிட்டு நடுங்கள். மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. தடிமனில் போதும், தண்டைத் தொடக் கூடாது.

நெட்டிலிங்கமோ வேறெதுவோ, ஒரே இனத்தை வரிசையாக நட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு மரத்துக்கு வந்த நோய்க்கு அடுத்த மரம் அரையடி தூரத்தில் காத்திருக்கிறது, வேர்கள் பின்னியிருக்கின்றன. மூன்று நான்கு வேறு குடும்பத்துச் செடிகளைக் கலந்து, இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி நடுங்கள். ஒன்று போனாலும் ஓட்டைதான் விழும், சுவர் விழாது. உயரமான கன்றை வாங்கி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சிறிய கன்று விரைவில் வேர்பிடித்துச் சில ஆண்டுகளில் பெரிய கன்றை எட்டிப் பிடித்துவிடும்.

மூங்கில் வைப்பதானால் குத்தாக வளரும் இனமா, வேர்க்கிழங்கு ஓடிப் பரவும் இனமா என்று கேட்டு வாங்குங்கள். ஓடும் இனத்துக்கு 60 செ.மீ. ஆழத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தடுப்பைப் புதைத்து, மேல்விளிம்பு தரைக்கு மேல் சில செ.மீ. தெரியுமாறு விட வேண்டும். விளிம்பை மண்ணால் மூடிவிட்டால் கிழங்கு அதன் மேலேறி அண்டை வீட்டுக்குள் போகும்.

உயிர்வேலி மேலே அடர்ந்து, அடியில் வெறும் தண்டாக நிற்கிறது

மேல்பகுதி அகலமாகி அடிக்கு வெயில் கிடைக்காமல் போயிருக்கிறது. அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்குமாறு வெட்டி வாருங்கள். செம்பருத்தி போன்ற அகன்ற இலைச் செடிகள் பெரும்பாலும் பழைய தண்டிலிருந்தும் துளிர்க்கும், ஆகவே ஓராண்டில் ஒரு பக்கம், அடுத்த ஆண்டில் மறுபக்கம் என்று ஆழமாகக் கவாத்து செய்யலாம். சைப்ரஸ், துஜா போன்ற ஊசியிலைச் செடிகளில் இதைச் செய்யாதீர்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து அவை பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை. அவற்றின் உட்பக்கத்துப் பழைய இலைகள் பழுப்பாகி உதிர்வது இயல்பு, வெளிநுனி பழுப்பானால்தான் நோய். அடி வெறுமையாகிவிட்ட ஊசியிலை வேலிக்கு முன்னால் நிழல் தாங்கும் குட்டைச் செடிகளை ஒரு வரிசை நடுவதே வழி.